இளையவனுக்கு வானம்

வெள்ளியங்கிரியைப் பெரிய திறமைசாலி என்று சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்காவில், இர்விங் நகரத்தில் அந்தக் கன்சல்டிங் கம்பெனியைத் தொடங்கியவர் அவர்தான். தான் சொந்தத் தொழில் நடத்த முடியாத வேலை விசாவில் இருந்ததால், கிரீன் கார்டு வைத்திருந்த தம்பி நாகரத்தினத்தின் பேரில் அதைப் பதிவு செய்தார். "யார் பேர்ல இருந்தா என்ன, ஒரே வயித்துல பொறந்தவங்கதானே" என்றார் மனைவி சாரதாவிடம். பிறகு தன் விசாவையும் கிரீன் கார்டு மனுவையும் அந்தக் கம்பெனி வழியாகவே போட்டார்.

நான்கு வருடங்களில் தம்பி முதலாளியாகிவிட்டான். சண்டை ஒன்றும் இல்லை. முதலில் மீட்டிங்குகளுக்கு அண்ணனைக் கூப்பிடுவது நின்றது. அடுத்து ஜன்னலோர அறை போனது. கம்பெனியை விட்டு விலகினால் கிரீன் கார்டு மனு செத்துவிடும். வரிசையின் கடைசியில் போய் மறுபடி நிற்க வேண்டும்.

1998 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. திங்களன்று கிரீன் கார்டு நேர்காணல். அதற்குத் தம்பி கையெழுத்திட்ட வேலைக் கடிதம் வேண்டும். தம்பி ஆபீஸ் அறைக்குள் போனில் இருந்தான். வெளியே காத்திருந்த வெள்ளியங்கிரியின் பக்கத்தில், மகள் தாமரைச்செல்வி பள்ளிக்கூடத்துக்காகக் கிரேக்கக் கடவுள்களின் வம்ச மரம் வரைந்துகொண்டிருந்தாள்.

"க்ரோனஸ் அவங்கப்பனையே தள்ளிட்டுத்தான் ராஜாவானானா?" என்று கேட்டார்.

"யெஸ். அப்புறம் ஹிஸ் ஓன் கிட்ஸை முழுங்கிட்டான். ஸ்யூஸ் தப்பிச்சு வந்து அவனை ஓவர்த்ரோ பண்ணான். ஹீ வாஸ் த யங்கஸ்ட், பட் ஹீ காட் த ஸ்கை."

"மூத்தவனுக்கு?"

"ஹேடிஸ்? அண்டர்வேர்ல்ட். தே ட்ரூ லாட்ஸ், அப்பா."

"சீட்டுக் குலுக்கினாங்களா. அப்ப யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல, கண்ணு."

சொன்ன பிறகே உறைத்தது. இங்கே யாரும் சீட்டுக்கூடக் குலுக்கவில்லை. பாதாளத்தை அவராகவே எழுதி வாங்கிக்கொண்டார்.

"வாங்கண்ணா" என்றான் தம்பி. மரியாதையில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. "லெட்டர் ரெடி. இதுல மட்டும் சைன் பண்ணிருங்க."

கார்டு வந்தபின் ஐந்து வருடம் விலகக்கூடாது, தனியாகத் தொழில் தொடங்கக்கூடாது என்றது அந்தத் தாள்.

"எதுக்குடா இது?"

"கம்பெனி எப்படிப் போடறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானுங்களே."

தம்பி சிரித்தாலும் கண்ணில் பயம் இருந்தது. பறித்து உட்கார்ந்தவனுக்குத்தான் பறிபோகும் வழியும் தெரியும்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கோணும்னு அம்மாதான் சொன்னாங்க."

வெள்ளியங்கிரி கையெழுத்துப் போட்டார். அதைச் சரிபார்த்த பிறகே தம்பி கடிதத்தில் தன் கையெழுத்தைப் போட்டான். இன்னாருக்கு எங்கள் கம்பெனியில் நிரந்தர வேலை உண்டு என்று உறுதி சொல்லியது கடிதம். நேர்காணலில் அந்த ஒரு வரியைத்தான் தேடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அது இருக்கிறதா என்று வெள்ளியங்கிரி இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டார்.