ஹெட்டைக் கழற்றலாமா, வேண்டாமா

நாகர்கோவிலில் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு இராஜாக்கமங்கலம் ரோட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மரத்துப்போன வாய்க்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை. காருக்குள் என்னவோ வேகிற வாடை வந்த பிறகுதான் மீட்டரைப் பார்த்தேன். சூட்டு முள் சிவப்பில் நின்றது. முன்பெல்லாம் அந்த முள்ளைப் பார்ப்பது என் மனைவியின் வேலை. பக்கத்து சீட்டில் ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவாள், நடுவில் “முள்ளு ஏறுது” என்பாள். மருமகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் என்று ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனவள், இரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள்.

இறங்கிப் பார்த்தால் சைலன்சரில் வெள்ளைப் புகை. எங்கள் ஊர் மெக்கானிக் வந்து கயிறு கட்டி இழுத்து, வீட்டு முற்றத்தில் கொண்டு விட்டார். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து எனக்குக் காட்டினார். உள்ளே எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால் சேர்த்த சாயா நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே தண்ணீரையும் எண்ணெயையும் சேரவிடாமல் வைத்திருக்கிற தகடு ஹெட் கேஸ்கட். அது போய்விட்டது.

“இதுக்கு மேல இதுல செலவழிக்காதீங்க அண்ணாச்சி. பொளிக்கக் குடுத்திருங்க,” என்றார். உடைத்துப் பாகம் பாகமாக விற்கிறவர்களிடம் தள்ளிவிடச் சொல்கிறார்.

போனில் சொன்னதும் மனைவிக்குச் சந்தோஷம். நல்லதாகப் போயிற்று, வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள். மகன் விசாவுக்கான காகிதங்களை எல்லாம் தயாராக்கி வைத்திருந்தான். வீட்டைப் பூட்டலாம், தென்னையைக் குத்தகைக்கு விடலாம், காரை என்ன செய்வது, நிறுத்திப் போட்டால் கெட்டுப்போகுமே என்பதுதான் இரண்டு வருஷமாக நான் சொல்லிவந்த சாக்கு. அது சாக்கு என்று அவளுக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவில் கிடந்து திரும்பிய நாளில், இனி விமானத்தில் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்தவன் நான். அந்த இருபத்திரண்டு வருஷமும் அவள் இந்த வீட்டில் தனியாக இருந்தாள். அதை அவள் ஒருநாள்கூடச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இரண்டு நாள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது வாய் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கடல் பக்கம் என்பதால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குடிப்பது கேன் தண்ணீர். மனைவி இருந்தவரை ரேடியேட்டருக்கும் அதுதான். ஒரு பாட்டிலில் பிடித்து டிக்கியில் போட்டு வைப்பாள். அவள் போன பிறகு ஒருத்தனுக்காகக் கேன் வாங்குவது குறைந்துபோய், கையில் அகப்பட்ட கிணற்றுத் தண்ணீரைக் கோரி ஊற்றினேன். வளைகுடாவில் நான் பார்த்த வேலை என்ன தெரியுமா? வண்டி உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நின்று, ரேடியேட்டரில் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றும் கூலன்ட் விற்பது. தண்ணீர் ஊற்றாதே, எஞ்சின் அரித்துப்போகும் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் புத்தி சொன்ன வாய் இது. என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் கேஸ்கட்டை நானே வீட்டில் வைத்து மாற்றினால் என்ன என்று தோன்றியது. ஹெட் கேஸ்கட் எத்தனை எடுத்துக் கொடுத்திருப்பேன், கணக்கில்லை. எந்த வண்டிக்கு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் ஒரு போல்ட்டைக்கூட நானாக முறுக்கியதில்லை. மெக்கானிக்கிடம் கேட்டேன். சிரித்தார். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் மூன்று நாள், சூட்டில் ஹெட் வளைந்திருக்கிறதா என்று லேத்தில் கொடுத்துப் பார்க்கவும் சேர்த்து. நீங்கள் வீட்டில் வைத்துச் செய்தால் ஒரு மாதம் ஆனாலும் ஆகும் என்றார்.

ஒரு மாதம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு மாதத்துக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கும். இந்த வீட்டில் மிக்சி சத்தம்கூட நான் போட்டால்தான் உண்டு. தனியாக இருக்கிறேன் என்பதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, எனக்குள்ளும் சொல்லிக்கொண்டதில்லை. அன்று பஸ் ஏறிப் போய் கேஸ்கட் வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை மனைவியிடம் பேசும்போது, கேஸ்கட் வாங்கியாச்சு, வீட்டிலேயே மாற்றப் போகிறேன், ஒரு மாதம் ஆகும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவளுக்குப் பின்னால் பேத்தி எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது.

“அப்ப நீங்க வரல்ல,” என்றாள்.

கேள்வியாகக் கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் கேட்கவில்லை, சொன்னாள். நான் காதில் விழாத மாதிரி போல்ட் முறுக்கும் வரிசையைச் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும், ஒரேயடியாக இறுக்கக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல சுற்று. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“அந்த ஹெட்டு கனமா இருக்குமே. ஒத்தையில தூக்கிருவியளா?”

முந்தின நாள் சாயங்காலம் நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கழற்றுவதைக்கூட எப்படியாவது செய்துவிடலாம். திரும்ப வைக்கும்போது இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்து நேராக இறக்க வேண்டும். ஒரு பக்கம் இடித்தால் புதுக் கேஸ்கட் வீண். பத்து நிமிஷத்துக்கு ஓர் ஆள் போதும். போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே பார்த்தேன். பாதிப் பேர் மஸ்கட்டிலும் துபாயிலும் இருக்கிறார்கள். சிலர் இறந்துபோய்விட்டார்கள், நம்பரை அழிக்க மனம் வராமல் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கத்து வீடுகளும் பூட்டிக் கிடக்கின்றன. மெக்கானிக்கை அழைத்தால், பின்னே எதற்கு வீட்டில் வைத்துச் செய்கிறீர்கள் என்பார். 

“ஆள் இருக்கு,” என்றேன்.

இந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். யார் என்று அவள் கேட்கவில்லை.