தாசு தைத்த அடிப்பலகை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஓர் ஐப்பசி. புயல் ஓய்ந்த காலையில் என் படகு சாந்தோம் மணலில் அடிப்பலகை பிளந்து கிடந்தது. அதை நம்பி ஐந்து குடும்பங்கள். எட்டுப் பேர் சுமந்து வந்து என் குடிசை வாசலில் கட்டைகள் மேல் நிறுத்தினார்கள்.

எங்கள் கரைப் படகில் ஆணி கிடையாது. பலகைகளில் துளை போட்டு, இடுக்கில் தேங்காய் நாரை வைத்துக் கயிற்றால் தைப்போம். அலை தூக்கி அடித்தாலும் வளைந்துகொடுக்கும்.

தையல் தளர்ந்திருந்த பக்கப் பலகைகளை நானே தைத்தேன். அடிப்பலகைக்குக் கை தேர்ந்தவன் மரியதாஸ். என் மனைவி ரோசியின் அத்தை மகன். அவளுக்கு முதலில் பேசியிருந்த மாப்பிள்ளையும் அவன்தான்.

"தாசு மாமாவ கூப்ட்டா இன்னா? ரெண்டு நாள்ல முடிச்சிடும்" என்றாள்.

"ஏன், எனக்குக் கை இல்லியா?"

"கை கீது. படகுதான் இல்ல."

மறுநாள் அவளே போய் அழைத்து வந்தாள். அவன் படகுக்குள், நான் வெளியே. துளை வழியே கயிறு போய்ப் போய் வந்தது. இருவருக்கும் ஒரே கஞ்சி, ஒரே கருவாடுதான். அவன் துண்டு பெரிதாகத் தெரிந்தது எனக்கு.

முடிந்ததும் உள்ளே தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டுக் கசியவில்லை.

"மாமா இன்னா அழகா தெச்சிக்கீது பாரு!" என்றாள். என் பக்கப் பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த நாள் அவள் கருவாடு விற்க மயிலாப்பூர் போயிருந்தபோது, அவன் போட்ட தையலில் நான்கை அறுத்துவிட்டு நானே தைத்தேன். அடியிலும் என் கை படவேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உள்ளிருந்து இழுக்க ஆளில்லாமல் கயிறு இறுகவில்லை. தெரிந்தேதான் விட்டேன்.

மறுநாள் ஆறு பேர் ஏறினோம். தாசும் வந்தான். மூன்றாவது அலையில் அந்த இடம் வாய் பிளந்தது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. தாசு தலைத்துண்டை அவிழ்த்து இடுக்கில் திணித்து, அதன் மேலேயே குந்திக்கொண்டு, "திருப்பு! கரைக்குத் திருப்பு!" என்று கத்தினான். எப்படியோ கரை சேர்ந்தோம்.

கூட வந்தவர்களில் மூத்தவர் சவரி. அவர் தாசு மேல் பாய்ந்தார். "இன்னாடா தெச்ச? ஆறு உசுரு போயிருக்கும்டா!"

தாசு குனிந்து அந்த நான்கு தையலையும் தடவினான். அவன் முடிச்சு அல்ல என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தான். ஓடி வந்து நின்ற ரோசியைப் பார்த்தான்.

"கயிறு சரியா ஊறலண்ணே. என் தப்புதான்."

அவன் கைவேலையைப் பார்த்து வந்த பொறாமை எல்லாம் ஒன்றுமில்லை. அவளுக்காக இப்படி ஒரு பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறானே என்று அப்போது வந்ததுதான் என்னால் தாங்க முடியாத பொறாமை.

"அவன் தப்பு இல்ல. அவன் தெச்சத அறுத்துட்டு நான் தெச்சேன்" என்றேன்.

ரோசி கயிற்றுச் சுருளை எடுத்துத் தாசுவிடம் கொடுத்தாள். "உள்ள ஏறு மாமா. இவரு வெளிய நிப்பாரு."

நின்றேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடுத்தவன் தையல் பிடிக்கவில்லையா, அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறுங்கள். பொறாமை அதன் பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. அதைப் படகில் ஏற்றியதில்லை, அவ்வளவுதான்.