பங்கு போட்ட மாத்திரை

திண்டிவனம் பேருந்து நிலையத்தில், சித்திரை வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டியது. பக்கத்தில் நின்றவர் குடிகாரன் என்று நினைத்துத் தள்ளிப் போனார். வடகிழக்கு மலையில் சாலை வேலை முடித்து என் ஊரான ஓமந்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

திண்டிவனம் அரசு மருத்துவமனையில் ஃபால்சிபாரம் (மலேரியாவில் உயிரை எடுக்கக்கூடிய வகை) என்றார்கள். மூன்று நாள் மாத்திரை சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லை, ரத்தத்தில் கிருமியும் குறையவில்லை. விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் என் மனைவி தேவகி கையை விடவேயில்லை. செத்துவிடுவேன் என்ற பயம் அப்போதுதான் வந்தது.

விழுப்புரத்தில் டாக்டரம்மா கேட்டார்: "இதுக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சா? மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"இல்லைங்க மேடம்" என்றேன். பொய். சொன்னால் இன்னும் அந்த மலை வேலையிலேயே இருக்கும் மச்சானை, தேவகியின் அண்ணனை, வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

தேவகிக்குப் பொறுக்கவில்லை. "சாப்ட்டாருங்க. எங்க அண்ணனும் இவரும் ஒரே கொட்டாய்ல தங்கிக்கினு இருந்தாங்க. ரெண்டு பேருக்கும் காய்ச்சலு, இருந்தது ஒரு ஆளு மாத்திரை. சோத்தப் பங்கு போடுற மாதிரி பாதி பாதியா முழுங்கிட்டாங்க."

"பாதி மருந்துல வலுவில்லாத கிருமிதான் சாவும், தப்புறது தங்கிடும். அந்தப் பக்கத்துக் கிருமிக்கு இங்க குடுக்குற மருந்தும் சில சமயம் கேக்காது" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், எங்கே இருந்தோம், என்ன விழுங்கினோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருந்தை மாற்றினார்கள். விரல் ரத்தத்தைத் தடித்த காகிதத்தில் சொட்டு வைத்துக் காயவைத்தார்கள். மரபணு அடையாளம் (மருந்துக்குத் தப்பக் கிருமிக்கு உதவும் மரபணு மாற்றம்) பார்ப்பதற்காம். முடிவு வர வாரக்கணக்காகும்.

"மாத்துன மருந்தும் கேக்கலன்னா?" என்றாள் தேவகி.

"கேக்கும்னு நம்புறோம்" என்றார் டாக்டரம்மா.

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. "இருபத்தெட்டு நாள் வரைக்கும் வாராவாரம் ரத்தம் பாக்கணும். உங்களக் கடிச்ச கொசு வீட்டுல இருக்குற உங்க பாப்பாவக் கடிச்சா இதே கிருமி போகலாம். தனிக் கொசுவலையில படுங்க" என்றார் டாக்டரம்மா.

மச்சானுக்குப் போன் செய்து, "ஜல்தி போய் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடு மச்சான்" என்றேன். அவனுக்கும் கிருமி இருந்தது. இந்த முறை முழு மருந்தும் அவனே சாப்பிட்டான்.

முடிவு வந்தது. திண்டிவனத்தில் சாப்பிட்ட மருந்துக்குத் தப்பும் மாற்றங்கள் என் கிருமியில் இருந்தன. மாற்றிய மருந்துக்கு எதிராக எதுவும் இல்லை. இருபத்தெட்டாம் நாள் ரத்தம் சுத்தம் என்றார்கள்.

அன்று மதியம் என் ஆறு வயது மகள் நிலா ஓடிவந்து கையில் தலைவைத்துப் படுத்தாள். ஒரு மாதமாகத் தள்ளியே வைத்திருந்த பிள்ளை. அவள் முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு கொசுக்கடி. எப்போது கடித்தது என்று கேட்டேன்.

"தெரியலப்பா."

தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. என் இருபத்தெட்டு நாள் முடிந்துவிட்டது. கொசு கடித்து இரண்டு வாரம் கழித்தும் இந்தக் காய்ச்சல் வரலாம் என்பதால், அவளுக்கு அன்றிலிருந்து நாள் எண்ணத் தொடங்கினேன்.