துணைவேந்தரை நலம் விசாரித்த ஹவில்தார்

என்.சி.சி. பொறுப்பு எனக்கு வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆவடிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் பதிவாளர் கூப்பிட்டார்.

"ஸ்டாஃப்லயே நீங்கதாம்மா உயரம். என்.சி.சி.ய நீங்க எடுத்துக்கங்க" என்றார். அவ்வளவுதான் நேர்காணல். பயிற்சிக்குப் போய், தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு லெப்டினன்டாகத் திரும்பினேன். வீட்டில் மாமியார் மட்டும் சல்யூட் அடிக்க மறுத்துவிட்டார்.

கேடட்களுக்குப் பயிற்சி தர ராணுவத்திலிருந்து வந்தவர் ஹவில்தார் தரம்பீர். ஹரியானாக்காரர். டிரில் ஆணைகள் எல்லாம் இந்தியில்தான். நடக்கிற வரிசையை நிறுத்த "தம்!" என்பார். எங்கள் பக்கம் தம் என்றால் சிகரெட். முதல் நாள் அவர் அப்படிக் கத்தியதும் பின்வரிசையில் ஒருவன், "இல்ல சார், நா உட்டு ரொம்ப நாளாச்சு" என்றான்.

தரம்பீருக்குத் தமிழ் மேல் ஆசை. கேடட்களில் மூத்தவளான கவிதாவிடம் ஓய்வு நேரத்தில் கற்றுக்கொண்டார். அவள் ஆவடியை ஒட்டிய கோவில்பதாகைப் பெண். நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த வருடம் எங்கள் பெரேட் மைதானத்தைக் கார் நிறுத்தும் இடமாக்கும் பேச்சு கிளம்பியது. துணைவேந்தர் தமிழ்ப் பேராசிரியர். பஸ் என்று சொன்னால்கூட நின்று, "பேருந்து" என்று திருத்திவிட்டுத்தான் போவார். சிரித்து நான் பார்த்ததில்லை. "அணிவகுப்பை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்" என்று சொல்லியனுப்பினார்.

அன்று கேடட்கள் அசத்தினார்கள். பூட்ஸ் சத்தம் ஒரே அடியாக விழுந்தது. எனக்கு மூச்சு வந்தது. அப்போது தரம்பீர் முன்னால் வந்து, விறைப்பாக சல்யூட் அடித்து, மைதானம் முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னார்:

"இன்னா நைனா, நல்லா கீறியா? ஊட்ல அல்லாரும் சொகமா?"

துணைவேந்தர் அவரையே பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

நான் கவிதாவைப் பிடித்தேன். "இதையா சொல்லிக் கொடுத்த?"

அவள் அழுகிற நிலையில் இருந்தாள். "பெரியவங்கள மரியாதையா எப்டி விசாரிக்கிறதுன்னு கேட்டாரு மேடம். எங்க ஊட்ல அப்பாவ நைனான்னுதான் கூப்டுவோம். எனக்கு இதான் மரியாதை."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தரம்பீர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நா எதுனா தப்பா சொல்ட்டனா மேடம்?" என்றார். அதையும் அதே தமிழில் கேட்டார்.

மதியம் துணைவேந்தர் என்னை அழைத்தார். போகும்போதே, மைதானம் போயிற்று என்று முடிவுகட்டியிருந்தேன்.

"அந்த ஹவில்தாருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது யார்?"

"எங்க கேடட்தான் சார். தப்பா நினைச்சுக்காதீங்க..."

அவர் கையை உயர்த்தினார். "இந்த வளாகத்துக்கு நான் வந்து இத்தனை நாளாச்சு. கோப்போட வராங்க, மாலையோட வராங்க. ஊட்ல எல்லாரும் சொகமான்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்லம்மா." கண்ணாடியைத் துடைத்தார். "பதில் சொல்லாம வந்துட்டேன். அம்மாவுக்குத்தான் கொஞ்சம் மூட்டுவலி, மத்தபடி சுகம்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

சொன்னேன். மறுநாள் காலை தரம்பீர் முழுச் சீருடையில், அம்மாவின் மூட்டுக்குத் தேய்க்கக் கடுகெண்ணெய் பாட்டிலோடு துணைவேந்தர் அறை வாசலில் நின்றார்.

கார்கள் இப்போது நூலகத்துக்குப் பின்னால் நிற்கின்றன. அணிவகுப்பு முடிந்ததும் விருந்தினரை, வீட்டாரின் நலம் கேட்காமல் அனுப்புவதில்லை என்பது எங்கள் பிரிவின் வழக்கமாகிவிட்டது.

இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெரியவர்கள் வரும் நாளில் பூட்ஸ், பெல்ட், வரிசை எல்லாம் பாருங்கள். வந்தவரை மனதார விசாரிக்க ஒரு ஆளையும் நிறுத்துங்கள். என்ன சொல்லப்போகிறார் என்று மட்டும் ஒரு தடவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.