இருமல் நின்ற நாள்

“வேற வேலை இல்லையாடி உனக்கு? உங்கம்மாவுக்கு ஒரு அக்கா இருந்துச்சு, செத்துப்போச்சு. தெரிஞ்சு என்ன பண்ணப் போற, பாவாடை வாங்கித் தரச் சொல்லுவியா?”

“சொல்லு ஆயா,” என்றாள் பேத்தி. என்னைப் போலவே அழுத்தக்காரி. சொன்னேன்.

பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊரை விட்டுப் போன மறுவருஷம். என் முதல் பெண், கைக்குழந்தை. கக்குவான் இருமல். இருமி இருமி முகம் நீலம் பாரிக்கும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். என்னைப் பிரெஞ்சில் மதாம் என்று மரியாதையாகக் கூப்பிட்ட ஒரே ஆண்பிள்ளை அந்த டாக்டர்தான்.

“மூச்சுக்குழாய் உள்ளாற, கண்ணுக்குத் தெரியாத மயிர் வச்ச செல்லுங்க இருக்கு மதாம். சளியப் பெருக்கி வெளிய தள்ளறது அதுங்கதான். கிருமி கக்கற விஷத்துல அதுங்க செத்துடுது. சளி சுரக்கற செல்லு பக்கத்துலயே இருக்கு, அது சாகல.”

“பெருக்கறவ செத்துட்டா, குப்ப போடறவ நல்லா இருக்கா. எங்க மாமியார் வூடு மாதிரி.”

சிரித்துவிட்டார். “இப்ப இருமல்தான் தொடப்பம். பெருக்கற செல்லு புதுசா மொளைக்க நாளாகும்.”

மருந்தோடு வந்தேன். பக்கத்து வீட்டு சாயபு சம்சாரம், “பள்ளிவாசலுக்கு வா புள்ள, ஓதி ஊதுவாங்க,” என்று கூட்டிப் போனாள். சாயங்காலத் தொழுகை முடிந்து வந்தவர்கள், வாசலில் நின்ற பிள்ளைகளின் முகத்தில் ஊதிவிட்டுப் போனார்கள். ஒரு கிழவரின் வெற்றிலை வாசனைக்கு என் பெண் மூக்கைச் சுளித்தாள்.

பிறகு இருமல் குறைந்தது. ஒரு காலையில் நின்றே போனது. பெருக்குகிறவள் முளைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிள்ளை பால் குடிக்கவில்லை. இத்தனை நாள் தூங்காத பிள்ளை, தூங்கட்டும் என்று பாயில் விட்டேன். குணமானால் பள்ளிவாசலில் சர்க்கரை ஓதி வாங்கித் தெருவுக்குக் கொடுப்பது வழக்கம். “இருமல் நின்னுடுச்சுக்கா,” என்று வீடு வீடாகக் கொடுத்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் உதடு கறுத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்தார், எடுத்தார்.

“இருமத் தெம்பில்லாமதான் நின்னிருக்கு மதாம். சளி அடைச்சிடுச்சு.”

எனக்கு அழுகை வரவில்லை. அவர் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வந்தேன். தெருப் பெண்கள் வாசலில் நின்றார்கள். ஒருத்தி உதட்டில் சர்க்கரை ஒட்டியிருந்தது.

“எங்கடி ஓடின? புள்ளைக்கு எப்படி இருக்கு?”

“இருமல் நின்னுடுச்சுக்கா,” என்றேன்.