முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரே நிறம்

ரஜனி அக்கா காலமான செய்தி கைப்பேசியில் ஒரு படமாக வந்தது. மேலே கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்து, நடுவில் ஒரு பெண்ணின் முகம். தெரியாத யாரோ என்று எண்ணிக் கடந்துபோனேன். சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்து பெயரை வாசித்த பிறகுதான் அது அக்கா என்று தெரிந்தது. அச்சடித்தவர்கள் வழக்கம்போல முகத்தை வெளுக்க வைத்திருந்தார்கள். புளியங்குளம் சந்தியில் இத்தனை வருடம் மணப்பெண்களை அலங்கரித்தவரை எனக்கு அந்தப் படத்தில் அடையாளம் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கான இந்த நினைவு மலரை வாசிக்கும் பெண்களில் பலர் அவருடைய கடைக் கதிரையில் இருந்திருப்பீர்கள். இருத்துவதற்கு முன் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போவாரே, நினைவிருக்கிறதா? "வெளிச்சத்துக்கு வாரும், என்ன நிறமெண்டு பாப்பம்." கழுத்தோரத்தில் ஒரு பொட்டுப் பவுண்டேசன் முகப்பூச்சைத் தடவி, அது தோலோடு சேர்கிறதா என்று பார்ப்பார். பெரும்பாலும் சேராது. வவுனியாக் கடைகளில் கிடைத்த மூன்று நிறங்களில் ஒன்றுகூட எங்கள் நிறமில்லை. "கொம்பனிக்காரர் ஓமந்தைக்கு இங்கால வந்து ஆக்களைப் பாக்கேல்லைப் போல" என்பார்.

ஒருநாள் நான் அங்கே காத்திருந்தபோது, மருமகளாக வரப்போகிறவளை ஒரு அம்மா கூட்டி வந்திருந்தார்.

"பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையா எடுத்து விடுங்கோ."

"எடுக்கலாம் அம்மா. கையை என்ன செய்யிறது? மாலை போடேக்க முகம் ஒராளின்ர, கை இன்னொராளின்ர மாதிரியெல்லோ இருக்கும்."

பெண் சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த கிழமை அவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். அதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் கோபம் இருக்கவில்லை. "தொடக்கத்தில நானும் அப்பிடித்தான் பூசினனான். அந்தக் கலியாணப் பட அல்பங்களைக் கண்டா இப்பவும் வெக்கம்" என்றார்.

என் கலியாணத்துக்குக் கனடாவிலிருந்து சித்தி வருவதாக இருந்தது. என் நிறத்துக்கு ஏற்ற பவுண்டேசன் அங்கே கிடைக்கும் என்று அக்கா அதன் பெயரையும் இலக்கத்தையும் எழுதித் தந்தார். பகல் வெளிச்சத்தில் என் கழுத்தைப் படமெடுத்தும் அனுப்பினார். சித்தி கொண்டுவந்ததோ அந்தக் கடையிலேயே ஆக வெள்ளையான நிறம்.

"கலியாணப் பொம்பிளைக்கு ஆரும் கறுப்பைக் குடுப்பினமே? பாவம் பிள்ளை எண்டு நல்லதாப் பாத்து வாங்கினனான்" என்றார் சித்தி.

அன்போடு செய்தது என்பதால் வாங்கி வைத்துக்கொண்டேன். கலியாணத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வெள்ளை முகத்தோடு மணவறையில் இருக்கவேண்டி வருமோ என்ற பயத்தில் அக்காவிடம் ஓடினேன். அவர் சித்தி தந்ததை வாங்கி அலுமாரியில் வைத்தார். பிறகு தன் கைப்பையிலிருந்து முடியும் நிலையிலிருந்த ஒரு டியூப்பை எடுத்தார். பிரான்சில் இருக்கும் சிநேகிதி அனுப்பியது. தனக்கென்று நல்லது கெட்டதுக்கு மட்டும் பூசுவது. என் கழுத்தில் தடவிப் பார்த்தோம். பூசின இடம் தெரியவில்லை.

கலியாணத்தன்று காலையில் அந்த டியூப்பைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்து, உள்ளே ஒட்டியிருந்ததையும் வழித்தெடுத்து என் முகத்தில் பூசினார்.

"உங்களுக்கு அக்கா?"

"என்னை ஆர் பாக்கப்போயினம்? எல்லாரும் உம்மையெல்லோ பாக்கப்போயினம். ஆடாமல் இரும்."

கழுவிய முகத்தோடுதான் மண்டபத்துக்கு வந்தார். மணவறையில் என் சேலை மடிப்பைச் சரிசெய்யக் குனிந்து நிமிர்ந்தபோது தற்செயலாக ஒரு படத்தில் பதிந்துவிட்டார்.

இந்த மலருக்குப் படம் இருக்கிறதா என்று அவருடைய மகள் துளசி கேட்டபோது அதைத்தான் அனுப்பினேன். அச்சகத்தில், "கொஞ்சம் வெளிச்சம் கூட்டி விடவோ?" என்று கேட்டார்களாம்.

"அம்மா இந்த நிறம்தான். இப்பிடியே விடுங்கோ" என்று சொல்லிவிட்டு, அச்சாகும்வரை துளசி பக்கத்திலேயே நின்றாள்.

முன்பக்கத்தில் இருப்பவர் எங்கள் ரஜனி அக்காதான். படத்தை வெட்டியபோது ஓரத்தில் இருந்த நான் போய்விட்டேன். முழுப்படம் என்னிடம் இருக்கிறது. அதில் அவர் முகத்தில் பூச்சு எதுவும் இல்லை. என் முகத்தில் இருப்பது அவருடையது.