நாய் தருவதற்கு வீடு பார்க்க வந்தவர்

1991 மாசி மாதம். லண்டனில் பனி கொட்டி, ஈஸ்ட் ஹாம் தெருக்கள் சேறும் சகதியுமாகக் கிடந்த நாட்கள். அங்கே கவுன்சில், அதாவது நகரசபை, வாடகைக்குக் கொடுத்த ஒரு வீட்டில் நானும் மனைவியும் குடியிருந்தோம். மனைவியின் தம்பியான என் மச்சானும் எங்களோடு இருந்தான். ஆனால் வீட்டுப் படிவம் எதிலும் அவன் பெயர் இல்லை. தெரிந்தவர் ஒருவரின் முகவரியில் கொடுத்திருந்த அவனுடைய அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. வேலை செய்யவும் அனுமதி இல்லை. கூடுதலாக ஒரு ஆள் இருப்பது தெரிந்தால் கவுன்சில் வீட்டைப் பறித்துவிடும் என்று கோயிலில் யாரோ சொல்லக் கேட்டு, நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மச்சானுக்கு அப்போது முப்பது வயது. வந்து எட்டு மாதமாகியும் வெளியே காலெடுத்து வைக்க மாட்டான். யாராவது கதவைத் தட்டினால் முகம் வெளிறிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அவனை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு, கைவிடப்பட்ட நாய்களைப் பராமரிக்கும் ஓர் இடத்துக்குப் போனாள். அங்கே ஒரு காது மடிந்த சின்ன டெரியர் நாய் வந்து அவன் சப்பாத்துக் காலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதாம்.

"தம்பி சிரிச்சவன். நான் என்ரை கண்ணாலை பார்த்தனான்" என்று அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நாயைக் கேட்டு எழுதியும் கொடுத்துவிட்டாள்.

மறு வாரம், நாயைத் தருவதற்கு முன் வீட்டைப் பார்க்க ஒருவர் வருவார் என்று கடிதம் வந்தது. மூன்று தரம் வாசித்தேன். ஊரில் நாய்க்குட்டி வேண்டுமென்றால் பக்கத்து வளவில் கேட்டுத் தூக்கிக்கொண்டு வருவோம். பெண் கொடுக்கத்தான் வீடு பார்ப்பார்கள், நாய் கொடுக்கவா?

"உது நாய்க்காரர் இல்லை. கவுன்சிலோ இமிகிரேஷனோ அனுப்புற ஆள். நாயைச் சாட்டி உள்ளுக்கை வரப் பார்க்கினம்" என்றேன்.

"உங்களுக்கு எல்லாத்திலையும் சந்தேகம்" என்றாள் மனைவி. ஆனால் அவள் குரலும் இறங்கிவிட்டது. ஊரில் ஆமிக்காரர் வீடு வீடாக வந்து ஆள் எண்ணியது இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போகத்தான் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

சொன்ன நாளில் மச்சானின் சப்பாத்து, பல் துலக்கும் பிரஷ், தேநீர்க் கோப்பை எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டு மேல் அறையில் வைத்தேன். அவனையும் அங்கேயே இருத்தி, பலகைத் தரை சத்தம் போடும், அசையாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண். ரப்பர் பூட்ஸ், கையில் படிவம் செருகிய அட்டை, வாய் நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நேரே பின்வளவுக்குப் போய் வேலிப் பலகைகளைத் தள்ளிப் பார்த்தார். குனிந்து வேலிக்கடியில் கையை விட்டுப் பார்த்தார். நாய் புகுந்து ஓடிவிடுமாம். ஆள் தப்பி ஓடும் வழியைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசை முன் உட்கார்ந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு பேர் என்றேன். வேலைக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று அடுத்த கேள்வி. என் சந்தேகம் உறுதியானது. நான் பெட்ரோல் ஸ்டேஷனுக்கும் மனைவி தையல் வேலைக்கும் காலையில் போனால் மாலையில்தான் வருவோம் என்றேன். அதுவாவது உண்மை.

அவர் பேனாவை மூடினார். ஒருமுறை கைவிடப்பட்ட நாய், பகல் முழுக்கத் தனியாக விட்டால் தவித்துப்போகும். மன்னிக்க வேண்டும், இந்த வீட்டுக்குத் தர முடியாது என்றார்.

மனைவி என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அப்போது மேலே பலகை கிறீச்சிட்டது. மச்சான் வெறுங்காலோடு படியிறங்கி வந்தான். சோதனைச் சாவடியில் அடையாள அட்டை நீட்டுவதுபோல், தன் விண்ணப்பக் கடிதத்தை அவர் முன்னால் மேசையில் வைத்தான்.

"அத்தான், எனக்கு அந்த நாய் வேணும்" என்றான் என்னிடம். பிறகு அவரைப் பார்த்து, தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில், நான் இங்கேதான் இருக்கிறேன், பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன் என்றான்.

அவர் கடிதத்தை விரித்துக்கூடப் பார்க்காமல் அவன் பக்கம் தள்ளினார். மழையானாலும் பனியானாலும் தினமும் இரண்டு முறை நாயை வெளியே கூட்டிப் போக வேண்டும், முடியுமா என்றுதான் கேட்டார்.

"ஓம்" என்றான் மச்சான். ஆமென்று தமிழில் சொன்னது அவருக்கு விளங்கிவிட்டது.

அடுத்த வாரம் நாய் வந்தது. கவுன்சிலிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஒவ்வொரு காலையும் மச்சான் குளிர்க் கோட்டை மாட்டிக்கொண்டு அதன் பின்னால் போனான். நாயோடு வந்த படிவத்தின் பிரதியை இன்னும் வைத்திருக்கிறேன். 'இந்த வீட்டில் மூன்று பேர், ஒருவர் எப்போதும் வீட்டில் இருப்பார்' என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். மச்சான் எங்களோடு இருக்கிறான் என்று அந்த நாட்டில் எழுதப்பட்ட முதல் தாள் அதுதான். யாரைக் காட்டிவிடக் கூடாதென்று நான் ஒளித்து வைத்தேனோ, அவனைப்போல் பகலில் நாயோடு இருக்கக்கூடிய ஓர் ஆள் இந்த வீட்டில் இருக்க மாட்டாரா என்றுதான் அவர் அன்று தேடி வந்திருக்கிறார் என்பதை நினைக்கும்போது, இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.